அறுவைக்குப்பின் மலச்சிக்கல்

நால்வர் கூடிய இடத்திற் சொல்லத்தகாத பொருள் இஃது என்று சிலர் கருதக்கூடும். யானும் அங்ஙனமே கருதியிருந்தேன். சென்ற கோடை விடுமுறையில் எம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்று அக்கருத்தை மாற்றிவிட்டமையின், நாணத்தை ஒருபுறம் ஒதுக்கி இதனை எழுதத் துணிந்தேன்.

இராசிபுரத்தை அடுத்த சிற்றூரொன்றில் வாழும் என் பெரியம்மாவுக்குக் கருப்பையில் தோன்றிய கட்டிகளால் நெடுநாளாக உதிரப்பெருக்கு இருந்துவந்தது. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து கருப்பையை அகற்றினர். அறுவை செவ்வனே முடிந்து ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். ஆயின் அந்நாள்வரை அவருக்கு மலங் கழியவில்லை. அதனை அவர் எவரிடத்துஞ் சொல்லவுமில்லை. தண்ணீர் மிகுதியாகக் குடித்தாற் புண் ஆறாது என்று உறவினர் தண்ணீரைக் குறைத்தனர். வயிற்றுக்கு இதம் என்று ஜவ்வரிசிக் கஞ்சியும் பாலும் ரொட்டியுமே கொடுத்தனர். எழுந்து நடவாதபடி காவலும் இருந்தனர். எல்லாம் அன்பினாற் செய்தவையே. ஏழாம் நாள் வயிறு கல்லாயிற்று. அன்றிரவு அண்டைவீட்டு மூதாட்டி ஒருவர் கரண்டி நிறைய விளக்கெண்ணெய் வார்த்துக் கொடுத்தார். நள்ளிரவிற் குடலை முறுக்கும் நோவும் அடுத்தடுத்துப் பேதியும் உண்டாகி, விடியுமுன் பெரியம்மா மயங்கி விழுந்தார். மீண்டும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றோம். நல்ல வேளையாகத் தையல் பிரியவில்லை. “முன்னமே ஏன் சொல்லவில்லை?” என்று செவிலி வினவியபோது, “ஏங் கண்ணு, இதையெல்லாம் ஆம்பளை டாக்டருகிட்டப் போயிச் சொல்லுவாங்களா?” என்றார்.

அச்செவிலியும், பின்னர் மருத்துவரும் எமக்கு விளக்கியவற்றையும், அதன்பின் யான் படித்தறிந்தவற்றையும் இங்கே கூறுவல்.

குடல் வெறுங்குழாய் அன்று. அலையலையாகச் சுருங்கி விரிந்து உணவை முன்னோக்கித் தள்ளும் தசையாலாயது. மயக்கமருந்தினாலும், அறுவையின்போது கை பட்டதனாலும் அவ்வசைவு சிறிது காலம் நின்றுவிடுகின்றது. சிறுகுடல் ஏறக்குறைய ஒரு நாளில் விழித்துக்கொள்ளும். இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள் வேண்டும். பெருங்குடலோ 2, 3 நாள் உறங்கும். நோவு தணிக்கக் கொடுக்கும் மார்பின், கோடீன், டிரமடால் முதலியன அபினியின் தொழிலையே செய்வன. பேதியை நிறுத்த நம் முன்னோர் அபினியைக் கையாண்டதை நினைத்தால், அவை குடலை என்செய்யும் என்பது விளங்கும். உதிரம் இழந்தவர்க்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கிக் கறுப்பாக்கும். உண்பதுங் குறைவு, பருகுவதுங் குறைவு, நடப்பதில்லை; இவற்றோடு அச்சமும் சேர்கின்றது. இடுப்பெலும்புக் கூட்டினுள்ளே மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் என்னும் மூன்றும் ஒன்றையொன்று நெருங்கிக் கிடத்தலால், அங்கே புண்பட்டவர் முக்கினால் தையல் அறுந்துவிடுமோ என்று அஞ்சி மலத்தை அடக்குவர். அடக்க அடக்கப் பெருங்குடல் அதிலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்ளும்; மலம் மேலும் இறுகும்.

ஆதலின் அறுவைக்குப்பின் 2, 3 நாள் மலங் கழியாமை தானே ஒரு நோயன்று. நான்காம் நாளும் கழியவில்லையாயின் மருத்துவரிடஞ் சொல்லவேண்டும். அஞ்சத்தக்கது முக்குதலே. மூச்சை அடக்கி முக்குங்கால் வயிற்றினுள் அழுத்தம் மிக்கு, இடுப்பின் அடித்தளத் தசைகளைக் கீழ்நோக்கி உந்தும். இறங்கிய கருப்பையைத் தூக்கித் தைத்தவர்க்கு இது மிகவுந் தீது.

இனி உணவு. சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நிலையமொன்று உளது. மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் என்பது அதன் பெயர். இவ்விரு பயிரும் ஒரு கூரையின்கீழ் இருப்பதை அறிந்தபோது யான் நகைத்தேன். பெரியம்மாவைக் கட்டிப்போட்டதில் மரவள்ளிக்குப் பங்குண்டு, அவிழ்த்தெறிந்தது ஆமணக்கு! மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலெடுத்துப் படியவைத்தே நம் பக்கத்து ஆலைகளில் ஜவ்வரிசி செய்கின்றனர். நாரெல்லாம் திப்பியாய்ப் பிரிந்து மாட்டுத்தீவனத்துக்குப் போய்விடும். எஞ்சுவது வெறும் மாவுப்பொருள். எளிதிற் செரிக்குமேயன்றி மலத்துக்கு உருக்கொடுக்க அதில் ஒன்றுமில்லை. நாமக்கல்லின் முட்டை புண்ணாறத் துணைசெய்யும் நல்லுணவே. ஆயின் அதிலும் நார் இல்லை.

நார் எங்கே உளது? நாம் ஏழையின் உணவென்று தள்ளிய கம்பிலும் கேழ்வரகிலும் சோளத்திலும் உளது. தீட்டிய அரிசி 100 கிராமில் நார் 3 கிராமுக்கும் குறைவு. அவ்வளவு கம்பில் ஏறத்தாழ 11 கிராம். கொய்யாப்பழத்திலும் 100 கிராமுக்கு 8 கிராமளவு உண்டு. கீரை, அவரை, வாழைத்தண்டு, நன்கு கனிந்த வாழைப்பழம் ஆகியவற்றைத் தேடி நம்மவர் சந்தைக்கு மேல் போகவேண்டுவதில்லை. எனினும் ஓர் எச்சரிக்கை. குடல் விழித்து, வாயு பிரிந்து, உணவு ஏற்கத் தொடங்கிய பின்னரே இவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்தல்வேண்டும். முதல் நாளே கம்பங்களியை உருட்டிக் கொடுத்தால் வயிறு உப்பி நோவும். குடலையே அறுத்துத் தைத்தவர்க்கு உணவுமுறை வேறு. அவர் தம் மருத்துவர் சொற்படியே நடக்க.

நாருக்கு நீர் துணை. நீரின்றி நார் மட்டும் சென்றால் அதுவே அடைப்பாகும். தண்ணீர் புண்ணை ஆறவிடாது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. சித்திரை வைகாசியில் நம் சமவெளியின் வெயில், படுத்திருப்பவர் உடம்பையும் உலர்த்திவிடும். இதயநோயோ சிறுநீரகநோயோ உடையவர் நீங்கலாக, ஏனையோர் தண்ணீர், நீர்மோர், கஞ்சித்தெளிவு எல்லாமாக நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் பருகுதல் நன்று.

நடத்தலைப் பற்றியும் நம்மவர்க்குத் தவறான எண்ணம் உண்டு. அறுவையுற்றவரை வாரக்கணக்கிற் படுக்கவைத்தல் ஒருகால் மேலைநாட்டு வழக்கமுமாகும். 1899-இல் சிகாகோவில் எமில் ரீஸ் என்னும் பெண்ணோய் மருத்துவர், வயிற்றறுவை செய்துகொண்ட மகளிரை விரைவில் எழுப்பி நடக்கவைத்தும் உணவளித்தும் நலங்கண்டு எழுதினார். அன்று அதனைப் பலர் ஏற்றிலர். 1990-களில் டென்மார்க்கு நாட்டு ஹென்ரிக் கேலெட் என்பார் அக்கருத்தைப் பலவகை ஆய்வுகளால் வலியுறுத்திய பின்னரே அது உலகெங்கும் பரவியது. நடை என்றதும் வயலுக்குப் போதல் என்று கொள்ளற்க. திண்ணைக்கும் கிணற்றடிக்குமாக நாளைக்கு நாலைந்து முறை மெல்ல நடப்பது போதும். குடம் தூக்கல், மாவாட்டல் ஆகா.

காலையில் வெதுவெதுப்பான பானமும் உணவும் வயிற்றிற் சென்ற அரைமணிக்குள் பெருங்குடல் இயல்பாகவே அசையும். அவ்வேளையை வீணாக்காது, உந்துதல் தோன்றியதும் போதல்வேண்டும். (காப்பிப் பிரியர் மகிழ்வதற்கு ஒன்று: 2012-இல் ஹைடல்பர்க் நகரத்து மருத்துவர் பெருங்குடல் அறுவையுற்றோரிடம் ஆராய்ந்தபோது, தண்ணீர் பருகியவரினும் காப்பி பருகியவர்க்கு முன்னதாக மலங் கழிந்தது.) குந்தியிருக்கும் நம் வழக்கம் மலக்குடலின் வளைவை நேராக்குவதால் நன்றே, ஆயினும் புதிய புண்ணோடு குந்தி எழுதல் அரிது. நாற்காலி போன்ற இருக்கையில் அமர்ந்து, பாதங்களின்கீழ் ஒரு மணையை வைத்து, முழங்கால் இடுப்பினும் உயர்ந்திருக்கச் சற்றே முன்சாய்ந்தால் அப்பயன் கிட்டும். வயிற்றுத் தையலின்மேல் சிறு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்காமல் வாய்வழியே மெல்ல விடுக. பத்து நிமிடத்தில் ஆகவில்லையேல் எழுந்துவிடுக. அடுத்த வேளை ஆகும்.

இவை போதாவிடத்து மருந்து. லாக்டுலோஸ், பாலிஎத்திலீன் கிளைக்கால் என்பன குடலினுள் நீரை நிறுத்தி மலத்தை இளக்குவன. பெரும்பாலும் மருத்துவர் முதலிற் கொடுப்பவை இவையே. திருநெல்வேலிச் சீமையின் பெயரால் உலகெங்கும் அறியப்பட்ட நிலாவாரை, குடலைத் தூண்டி அசைப்பது. அளவறிந்து சிலநாள் மட்டும் கொள்ளத்தக்கது. இசப்கோல் மிகுந்த நீரோடன்றிக் கூடாது. குடல் அசையாதிருக்கும் தொடக்கநாளிலும் கூடாது. விளக்கெண்ணெயோ வேறுவகை. அதிலிருந்து குடலிற் பிரியும் அமிலமொன்று குடற்றசையையும் கருப்பைத் தசையையும் நேரே சுருங்கச் செய்வதை 2012-இல் ஜெர்மானிய ஆய்வாளர் எலிகளிடங் கண்டு உரைத்தனர். பிடுங்கும் நோவும் நீரிழப்பும் அறுவையுற்ற உடம்புக்கு ஏலா. மருத்துவர் அறியாமல் எனிமா வைத்தலும் ஆகாது; மலக்குடலை ஒட்டிய தையலை அது புண்படுத்தக்கூடும். நோவுமருந்தாலோ இரும்பு மாத்திரையாலோ மலங் கட்டுகிறதென்று தோன்றினால், தாமே நிறுத்தாமல் மாற்றிக் கேட்க.

வாந்தி, வயிறு பறைபோல் உப்பல், வாயுவும் பிரியாமை, காய்ச்சல், தணியாத நோவு, குருதிப்போக்கு, புண்ணிலிருந்து நீர் கசிதல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் வீட்டு வைத்தியத்தை விட்டு ஆஸ்பத்திரிக்கு விரைதல் வேண்டும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பேணுவோனையும் ஓர் உறுப்பாக வள்ளுவர் எண்ணுகின்றார். தேர்வுக்காக அக்குறளைப் பன்முறை உருப்போட்டிருக்கிறேன். இரண்டாம் முறை வீடு திரும்பிய பெரியம்மாவுக்குப் பேணுவோனாய் அமைந்தவன் யானே. வேளைதோறும் செம்பில் தண்ணீர் அளந்து வைத்தேன், மாலையில் கைபிடித்து நடத்தினேன், “இன்று ஆயிற்றா?” என்று நாடோறும் வினவினேன். முதல் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், மூன்றாம் நாள், “ஆச்சு சாமி” என்று தாமே அழைத்துச் சொன்னார். மருந்தைப் படிப்படியாகக் குறைத்து மூன்றாம் வாரத்தில் மருத்துவர் நிறுத்திவிட்டார்.

கால் வைக்கத் தச்சரிடம் சொல்லிச் செய்த வேப்பமர மணை இப்பொழுது எங்கள் வீட்டில் இல்லை. விளக்கெண்ணெய் கொடுத்த அம்மூதாட்டிக்கே சென்ற மாதம் கருப்பை இறக்கத்துக்கு அறுவை நடந்தது. பெரியம்மா மணையையும் எடுத்துக்கொண்டு, எண்ணெய்ப் புட்டியை ஒளித்து வைப்பதற்காகத் தாமும் போயிருக்கிறார்.