பூச்சிகொல் பூஞ்சைகள்

பச்சையம் இன்மையால் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாமல், பிறவற்றினின்று உறிஞ்சி வாழும் உயிரினமே பூஞ்சை. இறந்தவற்றை மட்கச்செய்து உண்பன மட்குண்ணிகள். உயிருள்ளவற்றைப் பற்றி உண்பன ஒட்டுண்ணிகள். இப்பின்னவற்றுள் பூச்சிகளைப் பற்றி மாய்ப்பனவற்றைப் பூச்சிகொல் பூஞ்சைகள் எனலாம். ஓரிரு பூச்சியினங்களை மட்டுமே நாடுவனவும், பல இனங்களைப் பற்றுவதோடு மண்ணிலும் உறைய வல்லனவும் என இவை இருதிறப்படும்.

வெப்பநாட்டுக் காடுகளில் தச்செறும்பைப் பற்றும் ஓஃபியோகார்டிசெப்சு முதல் திறத்தது. பற்றப்பட்ட எறும்பு கூட்டை நீங்கி, இலையின் அடிப்புற நரம்பைக் கவ்வியபடியே இறக்க, அதன் பிடரியினின்று, பூஞ்சையின் வித்துத்துகளாகிய சிதலைத் தாங்கும் காம்பு எழும். எறும்பின் மூளைக்குள் புகுந்தே பூஞ்சை அதனை ஆட்டிவைக்கிறது எனப் பலரும் எழுதிவந்தனர். பூஞ்சையிழைகள் தசைகளைச் சூழ்ந்து நிற்பினும் மூளைக்குள் புகவில்லை என்று 2017-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. பேயெறும்பு எனப் பெயரிட்டு மருட்டுவோர் இதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை.

நாஞ்சில் நாட்டுத் தோப்புக்காரர்க்குப் பயன்தருவது இரண்டாம் திறத்ததாகிய மெட்டாரைசியம். இறந்த பூச்சியைப் பச்சைப் பொடியாய்ப் போர்த்தும் இதனைப் பசும்பூஞ்சை என்போம். உருசிய அறிஞர் மெச்சுனிக்கோவ் 1879-இல் கோதுமை வண்டின்மேல் இதனை ஆய்ந்தார். இங்கோ இதற்கு இரையாவது, தென்னங்குருத்தைத் துளைக்கும் கொம்பன் வண்டின் புழு. எருக்குழியிலும் மட்கிய தென்னந்தடியிலும் வளரும் அப்புழு இப்பூஞ்சையை உண்ணவேண்டுவதில்லை. தோலில் ஒட்டிய சிதல் ஈரம்பெற்று முளைக்கும். முளைநுனி பருத்துப் பற்றுக்குமிழாகும். அது சுரக்கும் நொதிகள் தோலின் புரதத்தையும் கைட்டினையும் சிதைக்க, அழுத்தமும் துணைநிற்க, இழை உள்நுழையும். குருதியில் பெருகி, நஞ்சும் சுரந்து புழுவைக் கொன்றபின், ஈரம் வாய்ப்பின் மீண்டும் தோலைத் துளைத்து வெளிவந்து, முதலில் வெண்மையாய்ப் படர்ந்து, பின்னர்ப் பசுஞ்சிதல்களை ஈனும்.

ஈரமின்றேல் இவ்வொழுங்கின் முதற்படியே நிகழாது. கடுவெயில் சிதலையே கொன்றுவிடும். தென்மேற்குக் காற்றும் வடகிழக்குக் காற்றும் மழை தரும், நாஞ்சில் நாடு அடங்கிய குமரி மாவட்டத்தில், நிழலடர்ந்த எருக்குழி இதற்கு உகந்த உறைவிடம். அக்குழியில் இடுதற்கென இதனை வளர்ப்பதற்கும் அரும்பொருள் வேண்டா: கொட்டிப்போகும் தேங்காய்த் தண்ணீரிலும், தவிடு கலந்த மரச்சீனிக் கிழங்குச் சீவலிலும் இது தழைக்கும். ஆயினும், பிற நுண்ணுயிர்கள் முந்திக்கொள்ளாதவாறு அத்தண்ணீரையும் சீவலையும் முன்னரே ஆவியில் அவித்தல் வேண்டும்.

குருத்துக்குள் முன்னரே புகுந்துவிட்ட வண்டைக் குழியிலிட்ட பூஞ்சை எட்டாது. அதனைக் குத்தி வெளியே இழுக்க இன்றும் இரும்புக் கொக்கியே வேண்டும்.