மொச்சைப் பயறும் சந்தை விலையும்

மதுரை, தேனி, திண்டுக்கல் ஜில்லாக்களின் மானாவாரி நிலங்களில், ஆடிப் பட்டத்தில் சோளத்துடனும் நிலக்கடலையுடனும் கலந்து விதைக்கப்படும் மொச்சை, பகற்பொழுது குறுகும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் பூத்துக் காய்க்கிறது. தைப் பொங்கலுக்குப் பச்சைக் காய் நல்ல விலைக்குப் போய்விடும். செடியிலேயே நின்று முற்றிக் காய்ந்த பயறு மாசியில் களத்துக்கு வந்து சேருகிறது. அச்சமயம் எல்லோர் களத்திலும் மொச்சை கிடப்பதால் விலை தாழ்ந்திருக்கும். வியாபாரி களத்துக்கே வந்து மூட்டை பிடிப்பது சௌகரியமாகத் தோன்றினும், அதே பயறு இரண்டு மாதம் கழித்துப் பட்டணத்துக் கடையில் என்ன விலைக்கு விற்கிறதென்று விசாரித்தறியும் குடியானவர்கள் சிலரே.

விசாரித்தவர்களும் பயற்றை இருப்பு வைக்கத் துணியாததற்குக் காரணம் வண்டு. இவ்வண்டு வீட்டுக் குதிரில்தான் உண்டாகிறதென்று அநேகர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. காய் முற்றி உலரும்போதே வயலில் தாய் வண்டு வந்து முட்டையிடத் தொடங்கிவிடுகிறது. முட்டையிலிருந்து வெளிப்படும் புழு நேரே பயற்றுக்குள் துளைத்துச் சென்று அங்கேயே தின்று வளருவதால், களத்தில் பார்க்கையில் பயறு குற்றமற்றதாகவே காணப்படும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் வட்டமான துளையிட்டு வண்டு வெளியேறுகிறது. பின்னர் அது பயற்றின் மேலேயே முட்டையிடும். தோலில் வெள்ளைப் புள்ளிகளாக ஒட்டியிருப்பவை இம்முட்டைகளே. மாசியில் மனமறிந்து நல்ல பயறென்று விற்றவரிடம், பங்குனியில் வாங்கியவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி வராமற்போவது இதனாலேயாகும்.

ஆகையால் சந்தையில் தாமே விற்க விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டுவது உலர்த்துதல். பயற்றைப் பல்லால் கடித்தால் பல் பதியாமல் படீரென்று உடைய வேண்டும். நூற்றுக்குப் பதினான்கு பங்கு ஈரமுள்ள 100 கிலோ பயற்றைப் பத்துப் பங்கு ஈரத்துக்குக் காயவைத்தால் எடை சுமார் நாலரை கிலோ குறையும். இதைக் கண்டு மனம் வருந்தி அரைகுறையாகக் காயவைப்பவர், நாலரை கிலோவை மிச்சப்படுத்தி மூட்டையையே வண்டுக்குக் கொடுத்தவராவர். நல்ல வெயிலில் கறுப்புத் தார்ப்பாயின்மேல் மெல்லப் பரப்பி, மேலே கண்ணாடித் தாளால் மூடி ஓரங்களை மண்ணிட்டு அடைத்தால், உள்ளே ஏறும் உஷ்ணத்தில் மறைந்திருக்கும் புழுவும் மடியும். விதைக்கு வேண்டியதை இவ்வாறு மூடிக் காயவைக்காமல் முன்னரே பிரித்துவிட வேண்டும். சூடு ஆறிய பிறகே பானையிலோ தகரத்திலோ கொட்ட வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.

100 கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் சமையலெண்ணெய் விட்டுப் பிசிறி வைப்பதும், பானையில் பயற்றின்மேல் நான்கு விரற்கடை உயரம் காய்ந்த மணலைப் பரப்புவதும் வண்டு முட்டையிடுவதைத் தடுக்கும். வேப்பெண்ணெய் விதைக்கு உகந்ததாயினும், அதன் வாசனை படிந்த பயற்றைச் சந்தையில் எவரும் தொடார். புகை மாத்திரையை வாங்கி வீட்டுப் பானைக்குள் போட்டு வைக்கும் வழக்கம் சில கிராமங்களில் பரவியிருக்கிறது. அதிலிருந்து எழும் வாயு வண்டை மட்டும் கொல்வதன்று. அதே அறையில் படுத்துறங்கும் குழந்தையையும் கொல்லும். அரசாங்க நிபுணர்களும் அரசாங்கம் அங்கீகரித்த நிபுணர்களும் அவர்கள் மேற்பார்வையில் வேலை செய்வோரும் தவிர மற்றவர் அதைக் கையாளுவது சட்டத்துக்கு விரோதம். இவ்விஷயத்தில் கிராம அலுவலர்கள் தாட்சண்யம் பாராமல் எச்சரிப்பது நலம்.

இனி விற்குமிடம். 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டதே முதல் உழவர் சந்தை. இச்சந்தைகளில் தரகு கிடையாது, தராசும் கொடுக்கப்படுகிறது, மொத்த விலைக்கு மேலும் கடை விலைக்குக் கீழுமாக அன்றாடம் விலை நிர்ணயிக்கப்படுகிறது. காய்கறிக்கென்றே பெரிதும் ஏற்பட்டதாகையால், பயறு கொண்டு செல்லுமுன் சந்தை நிர்வாக அலுவலரைக் கண்டு இடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அடையாள அட்டை பெறுவதற்குச் சாகுபடி உண்மையென்று சான்று வேண்டும். மொச்சை ஊடுபயிராதலால் அடங்கலில் சோளம் மட்டும் பதியப்பட்டு மொச்சை விடுபட்டுப் போவதுண்டு. பயிர் நிலத்தில் நிற்கும்போதே இதைக் கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்துப் பதிவாராயின், மாசியில் குடியானவர் சான்றுக்காக அலைய நேராது. வாரச் சந்தைக்கு அட்டை வேண்டியதில்லை; ஆனால் சுங்கம் உண்டு, நிழல் இராது. எங்காயினும் படியால் அளக்காமல், முத்திரையிட்ட எடைக்கற்களால் நிறுத்துக் கொடுப்பதே முறை.

வாங்கவரும் பெண்கள் பயற்றை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்து, "புதுசா, பழசா?" என்று கேட்பது வீண் கேள்வியன்று. வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் நெடுநாள் கிடந்த பயறு இரவெல்லாம் ஊறினாலும் வேகாமல் விறைத்து நிற்கும். சென்ற வருஷத்து மிச்சத்தைப் புதிதோடு கலந்து விற்றால் ஒரே சட்டியில் பாதி குழைந்தும் பாதி விறைத்தும் கிடக்கும். கலந்தவர் யாரென்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும். பழையதைத் தனியே குவித்து, பழையதென்று சொல்லி, விலை குறைத்து விற்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

மகசூல் முழுவதையும் இவ்வாறு நிறுத்தி வைக்க எல்லோராலும் இயலாது. அறுவடைக் கூலிக்கும் கைம்மாற்றுக் கடனுக்கும் களத்திலேயே ஒரு பங்கை விற்றுத்தான் ஆக வேண்டும். முதல் வருஷம் இரண்டு மூட்டையை மட்டும் நிறுத்தி, வாரந்தோறும் பத்து இருபது கிலோவாகக் கொண்டுபோய் விற்று, வண்டிச் சத்தம், சுங்கம், ஒரு நாள் வேலைக்கேடு ஆகியவற்றையும் கணக்கில் எழுதிப் பார்க்கலாம். ஊருக்கும் சந்தைக்கும் தூரம் அதிகமாயின், நாலைந்து பேர் முறைவைத்துப் போனாலன்றிக் கணக்கு சரிப்படாது.

ஆனிக்குமேல் மிஞ்சும் பயற்றை உடைத்துப் பருப்பாக்கிவிடலாம். முழுப் பயற்றைப் போல் உடைத்த பருப்பில் இவ்வண்டு பெருகுவதில்லை. ஆயினும் குடியானவர் தம் நிலத்தில் விளைந்ததை விளைந்தபடியே விற்பதற்கு 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் விலக்களித்திருப்பது போல், பருப்பாக உடைத்துப் பொட்டலமிட்டு விற்பதற்கு விலக்கில்லை. அதற்கு முன்னதாகவே உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.