உர்ர்ர் என்றால் என்ன பொருள்?

அட்டைப்பெட்டியில் வந்த நாய்க்குட்டிக்கு இப்போது பத்து வாரம். வீட்டில் உள்ள எல்லாருடைய கணுக்காலிலும் அதன் பல் தடம் இருக்கிறது. சோற்றுத் தட்டின் பக்கம் யாராவது போனால் ‘உர்ர்ர்’ என்கிறது. “இப்பவே கடிக்குது, பெரிசானா என்ன செய்யும்? சங்கிலியில போடு” என்கிறார் பாட்டி. “இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன், அப்புறம் செம்பனைக் காட்டுல விட்டுட்டு வந்திடுவேன்” என்கிறார் அப்பா. ஈப்போ, சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரத்துத் தாமான்களில் இந்தப் பேச்சைக் கேட்காத மாணவர்கள் குறைவு.

பாட்டி வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் இப்படி ஒரு பேச்சே எழுந்திருக்காது. லயத்து வீட்டுக்குப் பின்னால் நாய் குட்டி போடும். தாயும் ஐந்தாறு குட்டிகளும் அங்கேயே உருண்டு புரண்டு வளரும். மனிதர்கள் பெரிதாக எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. கடியின் அளவைக் குட்டிகளே ஒன்றுக்கொன்று கற்றுக் கொடுத்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரங்கள் நின்ற இடத்தில் தாமான்கள் எழுந்தன. இன்று வேலிக் கதவுக்குள் ஒரே ஒரு குட்டி தனியாக வளர்கிறது. அதற்குக் கடித்து விளையாட இருப்பது உங்கள் கையும் காலும்தான்.

நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரத்தில் பால்பற்கள் முளைக்கத் தொடங்குகின்றன. மொத்தம் 28, ஒவ்வொன்றும் ஊசிபோல. தாடையில் இன்னும் வலு இல்லை, ஆனால் பல் கூர்மை. அதனால் எலும்பை முறிக்காத கடிகூட நன்றாக வலிக்கும். விளையாட்டில் ஒரு குட்டி இன்னொன்றின் காதை அழுத்திக் கடித்தால், கடிபட்டது ‘கீச்’ என்று கத்திவிட்டு விலகிப் போகும். விளையாட்டு நின்றுவிடும். இது நூறு முறை நடந்த பிறகு, எவ்வளவு அழுத்தினால் தோழன் போய்விடுவான் என்பது கடித்த குட்டிக்குப் புரிந்துவிடும். நான்கு வாரத்திலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டி இந்தப் பாடத்தைத் தவறவிட்டு நம் வீட்டுக்கு வருகிறது. அது கெட்ட நாய் அல்ல, பாதியில் பள்ளியை விட்ட நாய்.

மீதிப் பாடத்தை நாம் நடத்தலாம். பல் அழுத்தமாகப் பட்டவுடன் கையை வெடுக்கென இழுக்காதீர்கள். ஓடும் பொருளைத் துரத்துவது நாயின் இயல்பு, இழுத்தால் ஆட்டம் இன்னும் சூடுபிடிக்கும். கையை அசையாமல் வையுங்கள், பிறகு எழுந்து பத்திருபது விநாடி விலகிப் போங்கள். திரும்பி வரும்போது கடிக்க ஒரு கயிற்று முடிச்சோ, நனைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த துணியோ கொடுங்கள். நான்கு மாதம் முதல் பால்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் வரும் வரை ஈறு அரிக்கும், எதையாவது மென்றே தீரும். உங்கள் பள்ளிக் காலணி அதற்குப் பலியாகக்கூடாது என்றால் அதை உயரத்தில் வைப்பது உங்கள் பொறுப்பு. இன்னொன்று: குட்டிகள் ஒரு நாளில் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்க வேண்டியவை. மாலையில் வெறிபிடித்ததுபோல் ஓடி ஓடிக் கடிக்கும் குட்டிக்குப் பல நேரம் தேவைப்படுவது தூக்கம். வீட்டில் எல்லாரும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும். தம்பி மட்டும் கையைக் கடிக்கவிட்டுச் சிரித்தால் பாடம் குழம்பிவிடும்.

உறுமல் வேறு கதை. அது ஒரு மொழி என்பதை ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரிலுள்ள ஏத்வோஷ் லோரண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அழகான ஒரு சோதனையில் காட்டினார்கள். மூன்று வகை உறுமல்களைப் பதிவு செய்தார்கள்: கயிறு இழுத்து விளையாடும்போது வருவது, அந்நியர் நெருங்கும்போது வருவது, எலும்பைக் காக்கும்போது வருவது. பிறகு ஓர் எலும்பை வைத்து, அதன் பின்னே ஒலிபெருக்கியை மறைத்து வைத்து, வேறு நாய்களை உள்ளே விட்டார்கள். எலும்பைக் காக்கும் உறுமல் ஒலித்தபோது நாய்கள் அதிகமாகப் பின்வாங்கின. அந்நியரை மிரட்டும் உறுமலுக்கு அந்த அளவு பின்வாங்கவில்லை. அதாவது, ‘கோபமாக இருக்கிறேன்’ என்று மட்டும் அல்ல, ‘இந்த எலும்பு என்னுடையது’ என்றே அவை கேட்டிருக்கின்றன. இது 2010இல் வெளிவந்தது. 2017இல் அதே குழுவினர் மனிதர்களுக்கு உறுமல்களைப் போட்டுக் காட்டினார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் 33 விழுக்காடு சரியாக வரும். கேட்டவர்கள் 63 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். நம் காதுக்கும் கொஞ்சம் நாய்மொழி தெரிகிறது.

காதோடு கண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னங்கால்களை நீட்டிக் குனிந்து, பின்பகுதியைத் தூக்கி, உடலைத் தளர்த்தி ஆட்டிக்கொண்டே உறுமினால் அது விளையாட்டு. உடல் விறைத்து, தட்டின் மேல் தலை அசையாமல் நின்று, கண்ணின் வெள்ளை தெரிந்து, உதடு மேலே ஏறினால் அது எச்சரிக்கை. அப்போது விலகுங்கள். இதற்காக நாயை அடிப்பவர்கள் உண்டு. அடித்தால் உறுமல் நிற்கலாம், பயம் நிற்காது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடி மட்டும் வரும். உறுமும் நாயைவிட, உறுமுவதற்காக அடிவாங்கி வாய்மூடிய நாயே எனக்கு அதிக அச்சம் தருகிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நாய்களின் நடத்தைச் சிக்கலுக்கு உதவி தேடி வந்தவர்களிடம் 2009இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கேட்டார்கள். நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 விழுக்காட்டினர், நாய் பதிலுக்கு மூர்க்கம் காட்டியதாகச் சொன்னார்கள். ‘நாயை மல்லாத்தி அழுத்திப் பிடி, யார் தலைவன் என்று காட்டு’ என்ற யோசனை, கூண்டில் அடைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து பரவியது. அதைப் பரப்பிய நூல்களில் ஒன்றை எழுதிய டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளரே, காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான் என்று 1999இல் எழுதினார்.

தட்டைக் காக்கும் குட்டிக்கு மருந்து எளிது. தட்டைப் பிடுங்காதீர்கள். அது சாப்பிடும்போது சற்றுத் தள்ளி நின்று, ஒரு துண்டு வேகவைத்த கோழியை அதன் பக்கம் போட்டுவிட்டு நடந்துவிடுங்கள். சில நாள்களில், மனிதன் நெருங்கினால் சோறு குறையாது, கூடும் என்று அது கணக்குப் போட்டுவிடும். தொட்டாலே கடிக்க வருகிற குட்டிக்குக் காதிலோ வயிற்றிலோ வலி இருக்கலாம், அதைக் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும்.

எவ்வளவு சின்னக் குட்டியாக இருந்தாலும், பல் பட்டுத் தோல் கிழிந்தால் பேச்சு மாறுகிறது. மேற்கு மலேசியாவில், வடபேராக் உட்படத் தாய்லாந்து எல்லையோரப் பகுதிகளில், நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு வெறிநாய்க்கடி நோய்க்கு எதிராக நீண்டகாலம் ஓர் அரண் காக்கப்பட்டு வந்தது. அப்படியும் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அந்நோய் தலைகாட்டியது. 2017 முதல் சரவாக்கில் உயிர்களைப் பறித்தது. நோய் ஐயம் உள்ள நாய் இறந்தால் அதன் மூளைத் திசுவைச் சோதித்துத்தான் உறுதிப்படுத்த முடியும். அத்தகைய சோதனைகள் நடக்கும் கால்நடை ஆய்வுக் கழகம் 1948இலிருந்து நம் ஈப்போவிலேயே இருக்கிறது.

நோய் அறிகுறி தொடங்கிவிட்டால் மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆனால் கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளையை அடைய அந்த வைரசுக்குப் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் ஆகும். அந்த இடைவெளிதான் நமக்கு வாய்ப்பு. வைரசின் மேலுறை கொழுப்பால் ஆனது, சவர்க்காரம் அதை உடைக்கும். எனவே ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மஞ்சள் தூளும் காப்பித் தூளும் காயத்தில் வேண்டாம். கடித்த நாயைத் துரத்திவிடாமல் பத்து நாள் கண்காணிப்பார்கள். அது நலமாகவே இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று பொருள். உலகில் இந்நோயால் இறப்பவர்களில் பத்தில் நால்வர் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். நாயை விரட்டிவிடுவார்கள், அல்லது நம்மைத் திட்டுவார்கள் என்று பயந்து கடியை மறைப்பது உங்கள் வயதில்தான் அதிகம். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி பொதுவாக மூன்று மாத வயதில் போடப்படும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வகத்தில், 14 வாரம் வரை மனிதரையே பார்க்காமல் வளர்ந்த குட்டிகள் அதன் பிறகு காட்டு விலங்குபோல் மிரண்டன என்று 1961இல் கண்டார்கள். ஆக, உலகம் பழகும் வாசல் மூடத் தொடங்கும்போதுதான் தடுப்பூசிகள் முடிகின்றன. அதுவரை, மண்ணில் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும் பார்வோ வைரசுக்குப் பயந்து குட்டியைக் கீழே விட முடியாது. தூக்கிக்கொண்டு போங்கள். மேடான் கிட் பேருந்து இரைச்சல், தலைக்கவசம் போட்ட அஞ்சல்காரர், பக்கத்து வீட்டுக் குழந்தை, தொலைவில் வெடிக்கும் பட்டாசு எல்லாவற்றையும் உங்கள் கையில் இருந்தபடியே அது பார்க்கட்டும், கேட்கட்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அது போதும், வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.