வாளியில் கரைந்த பிள்ளையார்

முன்பெல்லாம் சதுர்த்திக்குப் பளபளக்கும் வர்ணப் பிள்ளையார்தான் வாங்குவேன். மூன்றாம் நாள் தாமிரபரணியில் விட்டுவிடுவேன். ஒரு வருஷம் குறுக்குத்துறையில் குளிக்கப் போனால், கை உடைந்து மணலில் கிடந்தார் ஒரு பிள்ளையார். "பாத்தியாம்மா, கரையாமக் கெடக்காரு! நாம குடிக்கதும் இந்த ஆத்துத் தண்ணிதான?" என்றார் மாமியார். சுருக்கென்றது.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் லேசில் கரையாது. வர்ணத்தில் ஈயமும் இருக்கலாம். பாளையங்கோட்டையில் செய்த அத்தகைய சிலைகளை விற்க, 2023-ல் உச்ச நீதிமன்றமும் அனுமதி தரவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் வர்ணமில்லாத களிமண் பிள்ளையார்தான். பூஜை முடிந்ததும் குன்றிமணிக் கண்களை முதலில் எடுத்துவிடுங்கள். அது விஷ விதை, குழந்தை வாயில் போட்டுவிடக் கூடாது. பிறகு ஒரு வாளித் தண்ணீரில் அவரை அமர்த்தினால், தானே கரைந்துவிடுவார். அந்த மண் எங்கள் செம்பருத்திக்கு. அதில் பூக்கிற பூ, அடுத்த சதுர்த்திக்கு அவருக்கே!