ஏரிக்கரையில் ஒரு காலைப் பயிற்சி

சித்திரை, வைகாசி மாதங்களில் பழவேற்காட்டுக் குப்பங்களின் நிலையை நம் அங்கத்தினர் நன்கு அறிவர். ஏரியில் நீர் வற்றி உப்பு ஏறுகிறது. முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டாலோ கடல்நீரின் வரத்தும் குன்றி, மீனும் இறாலும் அருகிவிடுகின்றன. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடையும் உண்டு. ஆகவே கோடையில் பல வீடுகளில் காசு குறைகிறது, பொழுது மிகுகிறது. அப்பொழுதில் ஒரு சிறு பகுதியை எவ்வாறு நற்பயனாக்கலாம் என்பதைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம்.

நம் சங்கங்கள் நூலுக்குக் கணக்கு வைக்கின்றன. விதைக்கும் உரத்துக்கும் கணக்கு வைக்கின்றன. வலைக்குக் கொடுத்த கடனுக்கும் கணக்கு வைக்கின்றன. இவற்றையெல்லாம் பயன்படுத்தும் உடலுக்கு மட்டும் கணக்கு இல்லை. குழித்தறியில் நாள் முழுதும் அமர்ந்தவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. நாற்று நடுபவருக்கு முதுகு கூனுகிறது. ஏரியில் இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் முழங்காலும் தோளும் படும் பாட்டைச் சொல்லி முடியாது. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது பழமொழி. சுவர் இடிந்தபின் தவணை கட்டுவது யார்?

சீன நாட்டில் ‘தாய் சி’ என்றொரு தேகப்பயிற்சி உண்டு. அது போர்க்கலையாகவே பிறந்தது. ஹெனான் மாநிலத்துச் சென் குடும்பத்தாரின் கிராமத்தில், 17-ஆம் நூற்றாண்டில் அது உருப்பெற்றதாகச் சொல்வர். அங்கு கற்ற யாங் லூசான் என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் அதைப் பெய்ஜிங் நகருக்குக் கொண்டு சென்றார். 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறையினர், பொதுமக்கள் எளிதில் கற்கும்பொருட்டு, அதை 24 அசைவுகளாகச் சுருக்கி அமைத்தனர். இன்று அந்நாட்டின் பூங்காக்களில் விடியற்காலையில் முதியோரும் பெண்டிரும் திரளாக நின்று இதைப் பழகுகின்றனர். சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று திரும்பியோரில் பலர் அங்கும் இதைக் கண்டிருப்பர். 2020-இல் யுனெஸ்கோ நிறுவனம் இக்கலையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

இதன் முறை மிக எளியது. முழங்காலைச் சற்றே தளர்த்தி நிற்க வேண்டும். உடலின் பாரத்தை ஒரு காலுக்கு மெல்ல மாற்றி, பாரமற்ற மறு காலை முன்வைக்க வேண்டும். பிறகு பாரம் அந்தக் காலுக்குச் செல்லும். கைகளும் இடுப்பும் மூச்சும் அதனோடு சேர்ந்து மெதுவாக இயங்கும். 24 அசைவுகளையும் செய்து முடிக்க ஐந்தாறு நிமிடங்களே ஆகும்.

இது நமக்கு முற்றும் புதியதன்று. ஆழமில்லாத ஏரியில் கழி ஊன்றிப் படகு தள்ளுபவர் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றியே படகைச் செலுத்துகிறார். தறியின் மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கும் நெசவாளிக்கும் ஒரு கால் அழுந்த மறு கால் ஓய்வது பழக்கமே. தொழிலில் இது விரைவும் பாரமுமாக நடைபெறுகிறது. பயிற்சியில் நிதானமாகவும் நெஞ்சு பதறாமலும் நடைபெறுகிறது. வேற்றுமை அவ்வளவே.

இதனால் பலன் உண்டா என்று கேட்பது நியாயமே. அமெரிக்காவில் விழும் அபாயம் மிகுந்த, 70 வயதும் அதற்கு மேலும் ஆன 670 பேரை வைத்து நடத்திய ஆய்வொன்று 2018-இல் வெளியாயிற்று. வாரம் இருமுறை, 24 வாரங்கள் தாய் சி வழிப் பயிற்சி செய்தவர்கள் இடறி விழுந்தது, உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட 58 விழுக்காடு குறைவாக இருந்தது. முழங்கால் மூட்டுத் தேய்வு உள்ள 204 பேரைக் கொண்ட மற்றோர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. 12 வாரங்களில் இப்பயிற்சி, இயன்முறை மருத்துவத்திற்கு ஈடான பலன் அளித்ததை அது காட்டியது. படகிலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒரு முதியவரால் ஒரு குடும்பம் எத்துணை கடனில் ஆழ்கிறது என்பதை நினைத்தால் இதன் மதிப்பு விளங்கும்.

அயல்நாட்டுக் கலை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பழவேற்காடு கடல் கடந்த உறவிலேயே வளர்ந்த ஊர். டச்சுக்காரர் 1613-இல் இங்கு கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது நம் நெசவாளர் நெய்த துணிக்காகவே. அத்துணி கப்பலேறித் தென்கிழக்காசியத் தீவுகளுக்குச் சென்றது. மலாய் மொழியில் கட்டம்போட்ட கைலிக்கு இன்றும் ‘காயின் பெலிகாட்’ என்றே பெயர். பெலிகாட் என்பது பழவேற்காடே. நம் துணியை அவர்கள் தங்களுடையதாக ஏற்றனர். அத்திசையிலிருந்து ஒரு நல்ல பழக்கம் நம்மிடம் வருவதில் இழுக்கு ஏதுமில்லை.

நமக்குச் சிலம்பமும் ஆசனங்களும் உள்ளனவே எனில், அவை என்றும் போற்றத்தக்கவை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது நமக்குப் பெருமை. ஆயினும் சிலம்பத்தின் வேகம் இளைஞர்க்கே ஏற்றது. தரையில் அமர்ந்து எழ முடியாத முழங்காலுக்குப் பல ஆசனங்கள் ஒத்துவருவதில்லை. தாய் சி நின்றபடியே செய்வது. பாயும் வேண்டா, கோலும் வேண்டா, செலவும் வேண்டா. முதியோரை மனத்திற்கொண்டே இதைப் பரிந்துரைக்கிறோம்.

செய்யும் வகையையும் கூறுவோம். ஏரியில் மீன்பிடிக்கும் இடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறையைப் பழவேற்காட்டார் வழிவழியாகக் காத்து வந்துள்ளனர். அதுபோலவே இதற்கும் முறை அமைக்கலாம். சங்கம் ஆர்வமுள்ள இருவரை, ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும், முறையாகக் கற்ற ஓர் ஆசிரியரிடம் அனுப்பிக் கற்பிக்கட்டும். கோடையில் காலை 5.30 மணிக்குத் தொடங்கி 6.15-க்குள் முடித்துவிட வேண்டும். வெயில் ஏறியபின் கூடாது. மணல் காலை வாங்கும். ஆகையால் இறுகிய தரையோ சவுக்குத் தோப்பின் ஓரமோ நலம். முன்னும் பின்னும் நீர் அருந்த வேண்டும். கூழோ மோரோ இன்னும் சிறப்பு. முழங்காலை வலி தோன்றும் அளவுக்கு மடக்கலாகாது. நெஞ்சு நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். விடியற்காலை என்பது மீன் விற்கும் பெண்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத பொழுது. காலையில் மட்டும் பயிற்சி வைத்தால் அது ஆண்களின் மன்றமாகவே முடியும். கடற்காற்று வீசும் மாலை 5.30 மணிக்குப் பெண்களுக்கென ஒரு வேளை வைத்தாலன்றி, இதைப் பொதுப் பணி என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

தனியே செய்பவர் மூன்றாம் நாள் சோம்பி விடுவார். அடுத்த வீட்டார் வந்து காத்து நிற்கிறார் என்றால் நாமும் எழுந்து போவோம். கூட்டுறவின் அடிப்படையும் இதுவேயன்றோ? இக்கோடையில் ஒரு குப்பத்தில் பத்துப்பேர் தொடங்கினாலும் போதும். அடுத்த கோடையில் முழங்கால் வலி பற்றிய பேச்சு அங்கு சற்றுக் குறையுமாயின், அதுவே நம் சங்கத்தின் சிறந்த ஆதாயமாகும். சங்க நிர்வாகிகள் இதனை ஆலோசித்து ஆவன செய்வார்களாக.