அருவிக்கு மேலே ஒரு மலை இருக்கிறது

குற்றாலத்துக்கோ செண்பகத்தோப்புக்கோ கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது, "தண்ணி விழுதா?" என்றுதான். விழுகிறது என்று பதில் வந்தால் வண்டி கிளம்பிவிடும். அந்தத் தண்ணீர் எங்கே பெய்த மழை என்று யாரும் கேட்பதில்லை. பாறை முகப்பில் நாம் பார்ப்பது அருவியின் கடைசிச் சில அடிகளை மட்டும்தான். அதற்கு மேலே, கீழிருந்து கண்ணுக்குத் தெரியாத சரிவுகளும் ஓடைகளும் பரந்து கிடக்கின்றன. அங்கே பெய்வதெல்லாம் இந்த ஒரே வாய் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். இந்த நீர்ப்பிடிப்புப் பகுதியைப் புரிந்துகொள்ளாமல் ஒரு காட்டருவிப் பயணத்தைத் திட்டமிடவே முடியாது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 லட்சம் லிட்டர் தண்ணீர். ஓர் அருவியின் நீர்ப்பிடிப்பு வெறும் 5 சதுர கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். மலை உச்சியில் ஒரு மணி நேரம் இடிமழை கொட்டி 5 சென்டிமீட்டர் பதிவானால், 25 கோடி லிட்டர். பாதியை மண் குடித்துவிட்டது என்றாலும், மிச்சம் ஒரு மணி நேரத்தில் இறங்கும்போது நொடிக்கு ஏறக்குறைய 35,000 லிட்டர். மூன்று தண்ணீர் லாரிகளை ஒவ்வொரு நொடியும் நம் தலைமேல் கவிழ்ப்பதற்குச் சமம் அது. இவ்வளவுக்கும் நாம் நிற்கும் இடத்தில் ஒரு தூறல்கூட விழுந்திருக்க வேண்டியதில்லை.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்ததை நாடே காணொளியில் பார்த்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். பருவமழை இன்னும் தொடங்காத கோடை நாள் அது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழகச் சரிவுக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. தென்மேற்குப் பருவக் காற்று கேரளப் பக்கத்திலிருந்து ஏறி வருகிறது. நாம் நிற்பது கிழக்கே, மலையின் முதுகுப்புறம். மேற்கு வானத்தை மலையே மறைத்துக்கொள்கிறது. தலைக்கு மேலே வெயில் அடிக்கும். முகட்டுக்கு அப்பால் கருமேகம் திரண்டு நிற்பது தெரியாது. எனவே தென்காசிப் பக்கம் போகிறவர்கள் தென்காசியின் வானிலையோடு நிறுத்திக்கொள்ளாமல், கொல்லம், பத்தனம்திட்டா மாவட்டங்களின் முன்னறிவிப்பையும் பார்க்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் திருவனந்தபுரம் ராடார் படம் கிடைக்கிறது. மலையேறும் முன், கைபேசியில் சிக்னல் இருக்கும் கடைசி இடத்தில் அதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மஞ்சள், ஆரஞ்சு எச்சரிக்கைகளை மட்டும் நம்பி இருக்க முடியாது. மஞ்சள் எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் சுமார் 6.5 முதல் 11.5 சென்டிமீட்டர் மழை என்று பொருள். அது ஒரு மாவட்டத்துக்கான எச்சரிக்கை. நம் ஓடைக்கு மேலே நிற்கும் ஒற்றை மேகத்தை அது சொல்லாது.

முந்தைய நாள்களின் மழையும் கணக்கில் வர வேண்டும். காட்டு மண் பஞ்சுபோல உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் நாலு நாள் விடாமல் பெய்து மண்துளைகள் நிரம்பிவிட்டால், ஐந்தாம் நாளின் சிறு மழையும் நேராக ஓடைக்கு வந்துவிடும். அதனால் நேற்று பெய்தது, இன்று வெறித்துவிட்டது, போகலாம் என்ற முடிவு எனக்கு உவப்பில்லை.

ஓடையைக் கடப்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று தோன்றும். ஓடும் நீர் காலில் கொடுக்கும் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் முழங்காலளவு நீர் ஓடினால், இரண்டு கால்களிலும் சேர்த்துச் சுமார் 30 கிலோ எடை பக்கவாட்டில் தள்ளுவதுபோல இருக்கும். வேகம் 3 மீட்டரானால் அதுவே 70 கிலோவை நெருங்கிவிடும். காலடியில் பாசி படிந்த உருண்டைக் கல் வேறு.

வெள்ளம் வரும் முன் ஓடை சில அடையாளங்களைக் காட்டும். தெளிந்த நீர் லேசாகக் கலங்கும். சருகும் சுள்ளியும் வழக்கத்துக்கு மேல் மிதந்து வரும். இரைச்சல் கனக்கும். மேலே எங்காவது மரம் விழுந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் திடீரெனக் குறையவும் செய்யலாம். அதுவும் நல்ல சகுனமல்ல. இவற்றில் எது தெரிந்தாலும் பையை எடுக்கத் திரும்பாமல், ஓடையின் போக்கில் கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேடேறிவிட வேண்டும். மேடேறியபின் செய்ய வேண்டியது காத்திருப்பது. சின்ன நீர்ப்பிடிப்பு என்பதால்தான் வெள்ளம் அத்தனை சீக்கிரம் வந்தது. அதே காரணத்தால், மழை நின்றால் சில மணி நேரத்தில் வடிந்தும் விடும். பொறுமை இழந்து மறுகரைக்குக் கடக்க முயல்வதுதான் உயிரைப் பறிக்கிறது. ஆகவே பகல் நடைதானே என்று நினைக்காமல், ஆளுக்கொரு டார்ச்சும், ஒருவேளைக்கான கூடுதல் உணவும், ஒரு மழைக்கோட்டும் பையில் இருக்கட்டும். இரவு எட்டு மணிவரை ஒரு பாறைமேல் உட்கார்ந்திருக்க முடியும் என்ற தெம்பு இருந்தால் யாரும் வெள்ளத்தில் இறங்க மாட்டார்கள்.

நேரக் கணக்குக்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் கைகொடுக்கிறது: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 10 நிமிடம். வேரும் பாறையும் நிறைந்த நம் காட்டுப் பாதைக்கு அதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளலாம். கிழக்குச் சரிவில் பொழுதும் சீக்கிரம் சாயும். நான்கு கிலோமீட்டர் தொலைவில் மேற்கே முகடு ஓராயிரம் மீட்டர் உயர்ந்து நின்றால், பஞ்சாங்கம் சொல்லும் அஸ்தமனத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே சூரியன் மறைந்துவிடும். அடர்ந்த மரநிழலில் அதற்கும் முன்பே தடம் மங்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று கிளம்பும்போதே பேசி வைத்துக்கொள்வதுதான் முறை.

வனத்துறை அனுமதியில்லாமல் இந்தக் காடுகளுக்குள் நுழையக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபின் தமிழகத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. இப்போது அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு குறிப்பிட்ட தடங்களில் போகலாம். வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலைக்காரர்கள். காட்டுத்தீ மூளும் கோடை நாள்களில் தடங்கள் மூடப்படும்.

அப்படியானால் எப்போது போவது? மழை ஓய்ந்தபின், தண்ணீர் இறங்குமுகத்தில் இருக்கும் டிசம்பர் கடைசியும் ஜனவரியும்தான் என் தேர்வு. அப்போது விழுவது நேற்றைய மழையல்ல. வாரக்கணக்கில் மண்ணுக்குள் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வரும் தெளிந்த நீர். பெருக்கெடுத்த அருவியில் பார்க்கவே முடியாதவை அப்போதுதான் வெளியே வருகின்றன. நீர்மட்டம் இறங்கிய பாறையைக் குனிந்து பாருங்கள். பாசி என்று நாம் மிதித்துப் போகும் பச்சைப் படலத்தில் மிகச் சிறிய பூக்கள் நிற்கலாம். அது பாசி அல்ல, பூக்கும் தாவரம். போடோஸ்டெமேசியே குடும்பத்தைச் சேர்ந்த இவை வெள்ளக் காலம் முழுவதும் வழுக்குப் பாறையை இறுகப் பற்றி நீருக்கடியில் வளர்ந்து, நீர் வடிந்ததும் அவசரமாகப் பூத்து விதை வைக்கின்றன.

ஓடையோரக் கல்லில் விரல் நுனி அளவுத் தவளை ஒன்று பின்னங்காலை நீட்டி, விரல்களை விரித்து, மடக்கிக் கொள்வதைப் பார்க்க வாய்த்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். நீரின் இரைச்சலில் குரல் மட்டும் எடுபடாது என்பதால் ஆண் தவளை காலாலும் சைகை காட்டுகிறது. மைக்ரிக்சாலஸ் என்ற இந்தப் பேரினம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது, 2014-இல் தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜுவின் குழு இதில் 14 புதிய இனங்களை ஒரே ஆய்வில் விவரித்தது. வெள்ளம் தணிந்து ஓடை மெலிந்தால்தான் இவை இனப்பெருக்கம் செய்யும். அந்த நேரத்தில் கல்லைப் புரட்டி அணை கட்டி விளையாடினால் முட்டைகள் நசுங்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவிலிருந்து 2017-இல் விவரிக்கப்பட்ட பூபதி ஊதாத் தவளையின் தலைப்பிரட்டைகள், உறிஞ்சும் வாயால் பாறையைக் கவ்விக்கொண்டு பாயும் நீரிலேயே வளர்கின்றன. நாம் சோப்பும் ஷாம்பூவும் கரைப்பது அந்த நீரில்தான். குற்றாலத்தில் எண்ணெய்க்கும் சோப்புக்கும் தடை உண்டு. பெயர்ப்பலகையோ காவலரோ இல்லாத சின்ன அருவிகளில் அந்தத் தடையை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். எண்ணெய் தேய்த்த உடம்போடு காட்டுக்குள் போகாதீர்கள். ஷாம்பூ பாக்கெட்டை விடுதி அறையிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.