கோல் அடிப்பவனுக்கு மட்டும்தானா கைத்தட்டல்? பிள்ளைகளுக்கு டிஃபென்ஸ் சொல்லித்தருவது எப்படி?

மேட்டூரோ, சேலமோ, நாமக்கல்லோ... பள்ளி மைதானத்தில் ஃபுட்பாலுக்கு டீம் பிரிக்கும்போது பெரும்பாலும் இதுதான் நடக்கும். வேகமாக ஓடுகிறவன் முன்னால். ஆட்டம் தெரிந்தவன் நடுவில். மிச்சம் இருப்பவனிடம், 'நீ பின்னாடி போய் நில்லு' என்பார்கள். கோல் விழுந்தால் திட்டு அவனுக்கு. தடுத்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கொஞ்ச நாளில் அவன் மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவான்.

ஆனால், டிஃபென்ஸ் என்பது ஆடத் தெரியாதவர்களை ஒதுக்கிவைக்கும் இடமில்லை. 2006 உலகக் கோப்பையை வென்ற இத்தாலி, ஏழு ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் இரண்டே இரண்டு. அதில் ஒன்று சேம் சைடு கோல், இன்னொன்று பெனால்டி. அந்த அணியின் கேப்டன் கன்னவாரோ, டிஃபென்டருக்கு அவ்வளவு உயரம் இல்லாதவர். அந்த வருடத்தின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருது அவருக்குத்தான் கிடைத்தது.

மேட்டூர்ப் பிள்ளைகளுக்கு இந்த வித்தையைப் புரியவைப்பது சுலபம். அணையைக் காட்டினால் போதும். வருகிற வெள்ளத்தை முதலில் தேக்கி வேகத்தை அடக்குகிறது. 120 அடி நிரம்பினால், உபரி நீரை 16 கண் மதகு வழியாகத் திருப்பிவிடுகிறது. டிஃபென்டரும் அப்படித்தான். முதலில் தாமதப்படுத்த வேண்டும், அடுத்து ஓரத்துக்குத் திருப்ப வேண்டும், அப்புறம்தான் பந்தைப் பறிக்க வேண்டும்.

பாயாதே, நில்!

புதிதாக ஆடும் பிள்ளைகள் பந்தைப் பார்த்ததும் பாய்வார்கள். எதிராளி ஒரு தட்டு தட்டிவிட்டுக் கடந்துபோய்விடுவான். வேகமாக ஓடிப்போய், நெருங்கும்போது சின்னச் சின்ன அடியாக வைத்து, இரண்டு எட்டு தூரத்தில் நிற்கச் சொல்லுங்கள். முழங்கால் மடங்கி, உடம்பு பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும். கண் பந்தின் மேல் மட்டும். எதிராளியின் காலைவிட்டுப் பந்து சற்று விலகும் நொடியில் பறிக்கலாம். நம் ஊர் கட்டாந்தரையில் சறுக்கிப் பாய்ந்தால் முழங்கால்தான் உரியும். அது கடைசி ஆயுதமாகவே இருக்கட்டும்.

பின்னால் ஒருவன்

ஒருவன் பந்தை மறிக்கும்போது, இன்னொருவன் அவனுக்குப் பின்னால் சற்றுச் சாய்வாக நிற்க வேண்டும். 'நான் இருக்கேன், வெளியே தள்ளு' என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் கேட்டாலே முன்னால் நிற்பவனின் பதற்றம் பாதி குறையும். பந்து வலப்பக்கம் போனால் நான்கு பேரும் சேர்ந்து வலப்பக்கம் நகர வேண்டும். மிலன் அணிக்கு 1989, 1990-ல் ஐரோப்பியக் கோப்பைகளை வென்றுதந்த கோச் அரிகோ சாக்கி, இந்த நகர்வைப் பந்தே இல்லாமல் பழக்கினார்.

புள்ளியை மாற்றுங்கள்

பத்தடி அகலத்தில் கோடு போட்டு, ஒருவருக்கு ஒருவர் ஆடவிடுங்கள். பந்தைப் பறித்தால் ஒரு புள்ளி. ஐந்து விநாடி முன்னேற விடாமல் நிறுத்தினால் இரண்டு புள்ளி. பொறுமைக்குப் பரிசு உண்டு என்று தெரிந்தால், பாய்வது தானாகக் குறையும். சின்னப் பிள்ளைகளை ஒரே இடத்தில் நிறுத்தாமல், ஆட்டத்துக்கு ஆட்டம் இடம் மாற்றுவது நல்லது.

டிஃபென்டருக்கு வேறு எதுவும் வராது என்பதும் பொய். 1962 ஆசிய விளையாட்டில் நம் அணியின் தூணாக இருந்த டிஃபென்டர் ஜர்னைல் சிங். நடுவில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டதால், கோச் ரஹீம் அவரை முன்வரிசைக்கு மாற்றினார். ஜகார்த்தாவில் நடந்த ஃபைனலில் தென்கொரியாவை இந்தியா 2-1 என்று வென்றது. அதில் ஒரு கோல் ஜர்னைல் சிங் அடித்தது! அன்று நம் கோல்கீப்பர், மெட்ராஸ் ரெஜிமென்டில் ஆடி வளர்ந்த பீட்டர் தங்கராஜ். 'மைதான்' படம் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை நினைவிருக்கும்.

ஆட்டம் முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்ததும், 'எத்தனை கோல் அடிச்சே?' என்றுதானே கேட்கிறோம்? இனி, 'எத்தனை கோலைத் தடுத்தே?' என்றும் கேளுங்கள்.